திறப்பைத் தந்துவிட்டுப் போனவர்கள்

அந்தச் சனிக்கிழமை ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஐந்து பேர்தான். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோருடைய சப்பாத்திலும் பனி உருக வீதியில் தூவுகிற உப்பு. காலையில் நான் துடைத்து வைத்த தரையில் அது வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட, ஒரே மாதிரியான தகரக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் இருந்தது அந்த வோட்கா ஆலை. ஒரு போலந்துக் குடும்பத்துக்குச் சொந்தமானது. கிழமை நாள்களில் நான் அங்கே போத்தல் நிரப்பும் பகுதிக்குப் பொறுப்பு. சனிக்கிழமைகளில், வருகிறவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டி அதன் சரித்திரத்தைச் சொல்வதும் என் வேலை.

சுவர் முழுக்க ஒரு பழைய படம் இருந்தது. செங்கல் கட்டடம், உயரமான புகைபோக்கி, முன்னால் தொப்பி போட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்கள். அதற்கு முன்னால் நின்றுதான் தொடங்குவேன். "நூறு வருசத்துக்கு முன்பு, போலந்தின் கிழக்கெல்லையில் ஒரு சின்ன ஊரில் ஆரம்பித்த கதை இது." நான்கு தலைமுறை, ஒரே தொழில். யுத்தம் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு அரசாங்கம் ஆலையைப் பறித்தது. பேரன் கனடாவுக்கு வந்து அதே வோட்காவை மறுபடி வடித்தார். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம்.

அன்று நான் சொல்லி முடித்ததும், சாம்பல்நிறக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா கையை உயர்த்தினார். எழுபது வயது கடந்தவர்.

"படத்தில் இருக்கிற இந்தக் கட்டடத்தை இவர்கள் யாரிடமிருந்து வாங்கினார்கள்?"

அத்தனை வருசத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. உருளைக்கிழங்கா தானியமா, எத்தனை தரம் வடிக்கிறீர்கள், எப்போது குடித்துப் பார்க்கலாம் என்றுதான் கேட்பார்கள்.

"தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்," என்றேன்.

"நானே சொல்கிறேன். என் அப்பா அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவர். அந்த ஆலை அவருடைய அப்பாவினுடையது. பெயர் மெண்டல். அந்தப் பெயரைச் சொல்வீர்கள், இப்போது சொல்வீர்கள் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன்."

மற்ற நாலு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் கோபமாகப் பேசவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவர் மாதிரியே பேசினார். ஒரு துண்டில் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி என் கையில் தந்தார். ஹானா. வோட்காவைத் தொட்டும் பார்க்காமல் மழைக்குள் இறங்கிப் போனார்.

சோடாக் கொம்பனி

நான் அந்த ஆலைக்கு வந்த விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் குடியிருந்த காலத்தில்தான் அந்த வேலை கிடைத்தது. விடியற்காலையில் சப்வே எடுத்து, மேற்கே கடைசி ஸ்ரேசனில் இறங்கி, அங்கிருந்து பஸ். பஸ்ஸை விட்டு இறங்கினால் கஞ்சி வடிக்கிற மணம் தெருவெல்லாம் நிற்கும். ரை என்ற தானியத்தை அவிக்கிற மணம். முதல் நாள் அதை மணந்தபோது பசித்தது. பிறகு ஒரு நாளும் பசிக்கவில்லை.

சாராயம் வடிக்கிற இடத்தில் வேலை என்று எப்படி வெளியே சொல்வது? மாதா கோயிலில், ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு ஒரு அன்ரி பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இப்ப எங்கை வேலை?"

"ஒரு சோடாக் கொம்பனியிலை, அன்ரி."

"நல்லது. சோடா உடம்புக்குக் கூடாதுதான், ஆனா வேலை வேலைதானே."

பக்கத்தில் நின்ற என் கணவர் அருள் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஆலைக்குப் பெயரே சோடாக் கொம்பனிதான்.

ஆலைச் சொந்தக்காரரின் பெயர் ஸ்ரெஃபான். குடும்பப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களால் வாசிக்க ஏலாது. எனக்கே நாலு வருசம் பிடித்தது. நெடிய மனிதர். காது பெரிது. நாற்பது வயதில் கனடாவுக்கு வந்து, இருபது வருசத்துக்கு மேல் வேறு யாருடையதோ தொழிற்சாலையில் இரும்பு ஒட்டிவிட்டு, வயதுபோன காலத்தில் இந்த ஆலையைத் தொடங்கியவர். என்னைப் 'பானி ஜெசி' என்பார். பானி என்றால் அவர்கள் மொழியில் அம்மணி மாதிரி. எனக்கு முதல் மாதம் முழுக்க அது பனம்பாணி என்றுதான் காதில் விழுந்தது.

செப்புக் கொதிகலத்தில் முதலில் வடிகிறது நஞ்சு. அதைத் தனியே பிடித்து ஊற்றிவிட வேண்டும். எந்தத் துளியோடு நஞ்சு முடிகிறது என்பதற்கு எங்களிடம் கருவி இருந்தது. அவர் கருவியைப் பார்க்க மாட்டார். உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்து மணந்து பார்த்து, "இன்னும் இல்லை," என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போது," என்பார். கருவியும் அதையே சொல்லும்.

எனக்கு அவரைப் பிடிக்கும். பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சுவரில் எழுதியிருந்தது

திங்கட்கிழமை ஹானா தந்த துண்டை ஈவாவிடம் கொடுத்தேன். ஈவா ஸ்ரெஃபானின் ஒரே மகள். வியாபாரம் எல்லாம் அவள்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருப்பாள். ஆலையை ஒரு பெரிய கொம்பனிக்கு விற்கிற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருசமாக அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரியும்.

துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்.

"அவளுக்கு என்ன வேண்டுமாம்?"

"ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்றுதான் சொன்னார்."

"ஜெசி, அவர்கள் வாங்கப்போவது கொதிகலத்தை அல்ல. கொதிகலம் எங்கேயும் வாங்கலாம். அவர்கள் வாங்குவது அந்தச் சுவரை." சுவரில் படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், நான்கு தலைமுறை என்று எழுதியிருந்தது. போத்தல் லேபிளிலும் அதுதான். "அப்பாவிடம் சொல்ல வேண்டாம். அவருடைய இதயம் உனக்குத் தெரியும்."

நான் சொல்லவில்லை. ஆனால் ஹானா மறுபடி வந்தார். அடுத்த கிழமை, ஒரு வியாழக்கிழமை, சுற்றிக் காட்டுகிற நாளல்லாத நாளில் வந்து, முன் கவுண்டரில் நின்றார். முதல் தரம் வருவதற்கு முன்பு, ஒரு அயல்வீட்டு விருந்துக்காக அரசாங்க மதுக்கடையில் தற்செயலாக எங்கள் போத்தலை எடுத்தாராம். லேபிளில் இருந்த ஊரின் பெயரை வாசித்ததும் கடைக்குள்ளேயே ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டாராம். அப்பா நித்திரையில்கூடப் பிதற்றுகிற ஊர்.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஸ்ரெஃபான் உள்ளேயிருந்து வந்தார். ஈவா நடுவில் போய் நின்றாள். நின்றும் பயனில்லை.

"நான் மெண்டலின் பேத்தி," என்றார் ஹானா.

கிழவரின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். உடனே கையை வீசிக் கத்தினார். "என் அப்பா சட்டப்படி பதிந்து எடுத்தது! கடதாசி இருக்கிறது! என்ன கேட்டு வந்தாய்? இங்கே உனக்கு ஒன்றும் இல்லை!"

"கேட்டு வரவில்லை," என்றார் ஹானா. "பெயர் ஒன்றுதான். எங்கேயாவது ஒரு மூலையில்." கதவைத் திறந்து போய்விட்டார்.

அவ்வளவு சத்தம் போட்ட மனிதர், சத்தம் முடிந்ததும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பிடிபடவில்லை. அநியாயமாகப் பழி கேட்டவர் நிற்கிற மாதிரி அது இல்லை.

ஸ்ரெஃபான் சொன்னது

நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், கொதிகலத்துக்குப் பக்கத்தில் தன் மரக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். நான் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். அவர் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்.

"என் அப்பாவின் அப்பா அந்த ஆலையில் அடுப்பெரித்தவர், பானி ஜெசி. அவருடைய அப்பாவும் அடுப்பெரித்தவர். என் அப்பா கெட்டிக்காரன். வடிக்கிறவராக வந்தார். மெண்டலுக்கு அடுத்ததாக எல்லாம் தெரிந்தவர் அவர்தான்.

"ஜெர்மன்காரர் வந்து, யூதச் சனம் முழுவதையும் சந்தைத் திடலுக்கு வரச் சொன்ன காலை, மெண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆலைச் சாவியெல்லாம் கோத்த திறப்புக் கோர்வையை அப்பாவிடம் தந்தார். அடுப்பை அணைய விடாதே, வந்துவிடுவோம் என்றாராம். அவர்கள் ஒருவரும் வரவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று ஊருக்கே தெரியும்.

"யுத்தம் முடிந்ததும் அப்பா இரண்டு அயலவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பட்டணத்து அரசாங்கக் கந்தோருக்குப் போனார். சொந்தக்காரரின் குடும்பத்தில் ஒருவரும் உயிரோடு இல்லை என்று சத்தியம் பண்ணி, ஆலையைத் தன் பெயரில் எழுதினார். எழுதி இரண்டு மாதம் இருக்கும். மெண்டலின் கடைசி மகன் வந்து வாசலில் நின்றான்."

அவர் பாண் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"நான் அப்போது அம்மாவின் மடியில். அம்மா யன்னலோரம் இருந்தாள். அப்பா வெளியே போய்க் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். அம்மாவுக்குக் கேட்டது இதுதான்: 'இங்கே நிற்காதே. கடதாசியில் நீ செத்துவிட்டாய். மற்றவர்கள் கண்டால் உண்மையாகவே செத்துப்போவாய்.' அந்தப் பெடியன் தண்ணீர் கேட்டான். குடித்தான். போய்விட்டான்."

அந்த நாள்களில் அப்படித் திரும்பி வந்தவர்களை ஊர்க்காரரே கொன்றதும் உண்டாம். அதனால் தகப்பன் சொன்னது காப்பாற்றுவதற்கா, வெருட்டுவதற்கா என்று ஸ்ரெஃபானின் தாய்க்குச் சாகும்வரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"பிறகு?"

"பிறகென்ன? ஒரு வருசத்துக்குள் அரசாங்கம் வந்து எல்லா ஆலையையும் எடுத்துக்கொண்டது. அப்பா அதே ஆலையில் கூலிக்கு வேலை செய்து செத்தார். எங்களிடம் அது இருந்தது ஒரு வருசம்கூட இல்லை. நூறு வருசம் என்று எழுதி வைத்திருக்கிறோம்."

அவர் கனடாவுக்கு வெளிக்கிட்ட கிழமை, தாய் அவரைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி இதைச் சொன்னாராம். இதை இங்கே வைத்துக்கொண்டிருக்க இனி என்னால் ஏலாது, நீ கொண்டுபோ என்றாராம். அவர் கொண்டுவந்தார். தன் மனைவிக்குச் சொல்லவில்லை. ஈவாவுக்கும் சொல்லவில்லை. தெரியாத ஊரிலிருந்து வந்த எனக்கு, ஒரு வாளியில் உட்கார வைத்துச் சொன்னார்.

சோற்றுப் பெட்டியை மூடினேன். அதற்கு மேல் இறங்கவில்லை.

ஹமீதா மாமியின் மெசின்

எனக்கு ஏன் இறங்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். பத்திரிகைக்குக் கிழமை தவறாமல் எழுதுகிற இந்தத் தொடரில் என் ஊரைப் பற்றி எத்தனையோ கிழமை எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை.

மன்னார்ப் பக்கம் கரையோரத்தில் எங்கள் ஊர். பாதிச் சனம் நாங்கள், கத்தோலிக்க வேதக்காரர். மறுபாதி முஸ்லிம் சனம். எங்கள் வளவுக்கு அடுத்த வளவு சலீம் நானாவுடையது. அவருடைய மகள் பெரோசாவும் நானும் ஒரே வகுப்பு. மனைவி ஹமீதா மாமி ஊருக்கே தைப்பவர். கால்மிதி மெசின் ஒன்று வைத்திருந்தார். கறுப்பு. கழுத்தில் பொன்னிறப் பூ.

ஒரு ஐப்பசியில், முஸ்லிம் சனம் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அப்போது ஊரை ஆண்ட தமிழ் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. சாமான் கொண்டுபோகக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை. சலீம் நானா வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் வந்து வீட்டுத் திறப்பை அப்பாவின் கையில் வைத்தார். "கொஞ்ச நாள்தானே, மாஸ்ரர். பாத்துக்கொள்ளுங்க," என்றார். அவர்கள் கரைக்குப் போய் வள்ளத்தில் ஏறினார்கள். வள்ளங்கள் கல்பிட்டிப் பக்கம் போயின.

அன்று பின்னேரம் மழை இருட்டியது. யன்னல் சாத்த வேண்டும் என்று அம்மா அந்த வீட்டுக்குப் போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். அம்மா யன்னல்களைச் சாத்தினார். பிறகு மெசினுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"நாங்கள் எடுக்காட்டி ஆரும் எடுத்துக்கொண்டு போயிடுவினம்," என்றார்.

மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். பிறகு அந்த வீட்டில் இடம்பெயர்ந்து வந்த வேறு சனத்தை இருத்தினார்கள். பிறகு கதவு போனது, ஓடு போனது. திறப்பு மட்டும் எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கியது.

நான் தையல் பழகியது அந்த மெசினில். அக்காவின் கலியாணச் சட்டை அதில் தைத்தது. ரொறன்ரோவில் என் முதல் வேலையே தையல் வேலைதான். நன்றாகத் தைக்கிறாயே என்று மேற்பார்வையாளர் சொன்னபோது சந்தோசப்பட்டேன்.

அஜின்கோர்ட்டுக்கு நாங்கள் வீடு மாறின புதிதில், பிள்ளையின் பிறந்தநாளுக்கு, கறி வைத்துப் பொரித்த ரோல்ஸ் வாங்க ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் பெரோசா. இடது கன்னத்து மச்சம் அப்படியே இருந்தது. நான் காத்திருந்த வரிசையை விட்டு விலகி, ஓடர் கொடுத்த ரோல்சையும் எடுக்காமல், காருக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ரோல்ஸ் வேண்டுமென்றால் தூரத்துக் கடைக்குப் போவோம். அங்கே ருசி நல்லது என்று அருளுக்குச் சொல்லியிருந்தேன்.

ஏழாவது மாடி

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஸ்ரெஃபான் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தடை. "பானி ஜெசி, என்னை அவளிடம் கொண்டுபோ," என்றார்.

ஹானா நோர்த் யோர்க்கில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் தனியாக இருந்தார். நான் தொலைபேசியில் சொல்லியிருந்ததால் தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்திருந்தார். எலுமிச்சையை வட்ட வட்டமாக வெட்டி ஒரு தட்டில் அடுக்கியிருந்தார். வெயில் கண்ணாடிக்கு வெளியே இருந்தது, அறைக்குள் குளிர்.

கிழவர் உட்காரவில்லை. நின்றபடியே, எனக்குச் சொன்னதை எல்லாம் சொன்னார். சந்தைத் திடல், திறப்புக் கோர்வை, கந்தோர், வாசலில் வந்து நின்ற மகன். ஒன்றையும் மறைக்கவில்லை. 'கடதாசியில் நீ செத்துவிட்டாய்' என்பதையும் சொன்னார்.

ஹானா தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டுகளை ஒவ்வொன்றாக நேராக்கினார்.

"அப்பா திரும்பிப் போகவே இல்லை," என்றார் பிறகு. "எங்களுக்கு அப்படித்தான் சொன்னார். யாராவது போலந்து என்று வாயெடுத்தாலே, நான் பிறகு அங்கே போகவேயில்லை என்பார். எத்தனையோ தரம் சொன்னார். போகவேயில்லை, போகவேயில்லை."

கிழவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் இது எதிர்பாராதது. ஹானாவுக்குத் தெரிந்த துயரத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தோம். அவருக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

"அது பனி கொட்டுகிற மாரிக் காலமா?" என்று கேட்டார் ஹானா.

"தெரியாது."

"கோட்டுப் போட்டிருந்தாரா?"

"தெரியாது, பானி."

"எங்கேயிருந்து நடந்து வந்தாராம்? அன்று இரவு எங்கே படுத்தார்?"

"தெரியாது. அம்மா சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார், அது மட்டும் தெரியும்."

"யார் கொடுத்தது?"

"அம்மா. யன்னலால்."

ஹானா தலையை ஆட்டினார். அந்த ஒரு கோப்பைத் தண்ணீரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "நீங்கள் வந்திருக்க வேண்டாம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லை. வந்தது சரிதான். இன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தயவுசெய்து போங்கள்," என்றார்.

தேநீரை ஒருவரும் குடிக்கவில்லை.

காரில் வரும்போது, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. கிழவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "என் அம்மா எனக்குச் செய்ததைத்தான் நான் இன்று அவளுக்குச் செய்துவிட்டேன்."

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. நானும் காரை உருட்டினேன்.

சரித்திரத்தைத் திருத்தியது

அன்று பின்னேரமே அவர் ஈவாவுக்கு எல்லாவற்றையும் சொல்லி, சுவரில் மெண்டலின் பெயரைப் போடச் சொன்னார். அவள் கண்ணீர் விட்டாள். ஆனால் மாட்டேன் என்றாள். ஒப்பந்தம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். முப்பத்தாறு பேருடைய வேலை அதில் தொங்குகிறது என்றாள். அந்த முப்பத்தாறில் நானும் ஒருத்தி. அவளைக் கெட்டவள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தார்கள். நான் படத்துக்கு முன்னால் நின்றேன். "நூறு வருசத்துக்கு முன்பு," என்று தொடங்கினேன். அதற்கடுத்த வசனம் வரவில்லை. வாய் வேறொன்றைச் சொன்னது.

"இந்த ஆலை மெண்டல் என்ற ஒருவருடையது," என்றேன். "இந்தக் குடும்பம் அதில் வேலை செய்தது. நன்றாக வேலை செய்தது."

முழுவதையும் சொன்னேன். குரலை எங்கே தாழ்த்துவது என்று தெரியாததால் ஒரே குரலில் சொன்னேன். பாதியில் ஈவா அலுவலகக் கதவடியில் வந்து நின்றது தெரிந்தது. அவள் என்னை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் ஒரு இளைஞன், பாவம், அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, "அப்போ நாங்கள் இன்னும் குடித்துப் பார்க்கலாம்தானே?" என்று கேட்டான்.

ஊற்றிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஈவா என்னைக் கூப்பிட்டு, இனிச் சனிக்கிழமைகளில் வர வேண்டாம் என்றாள். கோபமில்லை. "நீ எங்கள் அப்பாவுக்காகச் செய்தாயா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லை," என்றேன். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை.

அந்த இலைதுளிர் காலம் முடிவதற்குள் ஸ்ரெஃபான் போய்விட்டார். கொதிகலத்துக்குப் பக்கத்துக் கதிரையில், பகல் பதினொரு மணிக்கு. அம்புலன்ஸ் வரும்வரை நான்தான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை நெடுநேரம் சூடாகத்தான் இருந்தது.

போலந்துக்காரரின் கோயிலில் இறுதிப் பூசை. கடைசி வரிசை வாங்கில் சாம்பல்நிறக் கோட்டு ஒன்றைக் கண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹானா என்னைப் பார்க்கவில்லை. முழங்கையால் மெல்லத் தொட்டார்.

ஈவா எழுந்து பேசினாள். முதலில் தங்கள் மொழியில். பிறகு ஆங்கிலத்தில். "என் அப்பாவின் குடும்பம் மெண்டல் என்பவருடைய ஆலையில் வேலை செய்தது," என்று தொடங்கினாள். அந்தக் குடும்பப் பெயரையும் முழுதாகச் சொன்னாள். பக்கத்தில் ஹானாவின் மூச்சு ஒருதரம் நின்று வந்தது. அந்தக் குடும்பப் பெயர் முழுதாக வெளியே சொல்லப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

கோடையில் விற்பனை முடிந்தது. புதிய கொம்பனி வடிக்கிற வேலையை வேறெங்கோ கொண்டுபோனது. எங்களில் ஆறு பேரை வைத்துக்கொண்டார்கள், மற்றவர்களை அனுப்பினார்கள். நான் அனுப்பப்பட்டவள். போத்தல் இன்னும் மதுக்கடைகளில் இருக்கிறது. லேபிளில் இன்னும் நான்கு தலைமுறைதான்.

பெரோசா

வேலை போன இரண்டாம் கிழமை, அருளுக்கு எல்லாம் சொன்னேன். மெசினையும், பெரோசாவிடம் போகப்போவதையும் சேர்த்து. அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முப்பது வருசத்துக்குப் பிறகு போய் என்னத்தைச் சொல்லப்போறாய்? அந்த வெள்ளைக்காரக் கிழவன் போய்ச் சொல்லி அந்த மனிசிக்கு என்ன சுகம் வந்தது?"

"ஒண்டும் வரேல்லை."

"பிறகேன் போறாய்?"

"தெரியேல்லை. போட்டு வாறன்."

பெரோசாவின் கடையில் மத்தியான நெரிசல் ஓய்ந்திருந்தது. எண்ணெயும் கறிவேப்பிலையும் சேர்ந்த மணம். என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்து மச்சத்துக்குக் கீழே ஒரு தசை அசைந்தது.

"ஜெசி," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. "அண்டைக்கு ரோல்சையும் விட்டிட்டு ஓடினாய். நான் கண்டனான்."

"ஓம்."

"உம்மா அப்ப இருந்தவ. மேல் வீட்டிலதான் இருந்தவ. மௌத்தாகி நாலு வருசம்."

நாலு வருசம். நான் தூரத்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த வருசங்கள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் போன அன்றே மெசினை நாங்கள்தான் எடுத்தது, நான் அதில்தான் தைக்கப் பழகினது, கடைசியில் அது யுத்தத்தோடு போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில். எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நிறுத்தவில்லை.

அவள் ரோல்ஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். நான் கேட்கவுமில்லை, அவளாகத்தான் அடுக்கினாள்.

"புத்தளத்தில் காம்பில இருக்கேக்க உம்மா ஒண்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தவ," என்றாள். "மெசினைப் பத்தி இல்ல. வீட்டைப் பத்தியும் இல்ல. நாங்க வள்ளத்தில ஏறினாப் பிறகு, அண்டைக்கு நீங்க ஆராவது அழுதனீங்களோ எண்டு. இஞ்ச வந்தும் கேட்டவ. எனக்கு என்ன தெரியும்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பின்னேரத்தை நினைத்துப் பார்த்தேன். மழை இருட்டு. அம்மா முன்பக்கம், நானும் அக்காவும் பின்பக்கம். மெசின் பாரம் என்று அக்கா சிணுங்கியது. வேலியில் அதன் கால் தட்டிவிடக் கூடாது என்று அம்மா கவனமாக இருந்தது.

"இல்லை," என்றேன். "அண்டைக்கு ஒருத்தரும் அழேல்லை."

பெரோசா பெட்டியை மூடினாள்.

"கடைசியில உம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ, ஒருத்தரும் அழுதிருக்க மாட்டாங்க எண்டு," என்றாள்.

பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வேணும், அங்கிள்?"